பேட்டரி வேண்டாமென்று தூக்கிய கை

சேரப்பணஞ்சேரி சர்ச் ஹால் மாடியில் இருக்கும் சோலார் பலகைகள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. தெருவே சேர்ந்து வாங்கி, வீட்டுக்கு வீடு இணைத்துக்கொண்டது. வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டு அதைக் கொண்டுவந்தவள் அருள்மேரி. ஊருக்காக உழைத்தாள் என்றால் அது பாதி உண்மைதான். பெயின்ட் பட்டறையில் நுரையீரலைத் தொலைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சூசைராஜுக்கு ஆக்சிஜன் மிஷின் பகலும் இரவும் ஓட வேண்டியிருந்தது. கரண்ட் பில்லைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

முதல் கூட்டத்திலேயே தெருச் சங்கச் செயலாளர் தணிகாசலம் தெளிவாகச் சொன்னார். "பேட்டரி இல்லாட்டி, லைன்ல கரண்ட் போச்சுன்னா சோலாரும் நின்னுடும். வெயில் அடிச்சாலும் ஒண்ணும் வராது."

பேட்டரி சேர்த்தால் ஒவ்வொரு வீட்டின் பங்குப் பணமும் ஏறும். ரத்னா மாதிரி வாடகை வீட்டுக்காரர்கள் கழன்றுகொள்வார்கள். அருள்மேரி எழுந்தாள்.

"இத்தினி கம்பெனி வந்தப்புறம் இங்க எங்கண்ணே கரண்ட்டு போவுது? மொதல்ல எல்லாரும் சேரட்டும். பேட்டரிய அப்பால பாத்துக்கலாம்."

வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவளும் அவள்தான்.

பில் பாதியானது. "வெயில புட்சி எனக்கு மூச்சா மாத்திட்ட மேரி" என்று சூசைராஜ் கிண்டல் செய்வார். அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதோ காலியாகியிருந்தது. தேவையே வராததால் அவளும் பார்க்கவில்லை.

சித்திரை மாதத்து உச்சி வெயில். புதுக் கம்பெனிக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி பூமிக்கடியில் போன கேபிளை அறுத்துவிட்டது. மிஷின் நின்றது. எதிர்க் கம்பெனியில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள் அருள்மேரி. ஹால் மாடியில் பலகைகள் தகதகவென்று மின்னின. பாவி வெயில், யாருக்காக அடித்ததோ.

"விசிறு மேரி" என்றார் சூசைராஜ்.

விசிறினாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோதும் விசிறிக்கொண்டுதான் இருந்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். சூசைராஜின் அடக்கம் முடிந்ததும், அதையும் அந்தத் தெரு முறையாகக் கூட்டம் போட்டுச் செய்தது. அருள்மேரியின் பக்கத்தில் உட்கார்ந்த ரத்னா, "எங்கள விட்டுடக் கூடாதுன்னுதானக்கா அன்னிக்கு சொன்ன" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பேட்டரி வாங்கலாம்ன்றவங்க கை தூக்குங்க" என்றார் தணிகாசலம்.

யாரும் தூக்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அருள்மேரி தூக்கினாள். அப்புறம்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். எண்ணி முடித்து எல்லாரும் இறக்கிய பிறகும் அவள் கை மேலேயே நின்றது. ரத்னாதான் அதைப் பிடித்து, மெதுவாக மடியில் இறக்கி வைத்தாள்.