நாற்பதாம் நாள் கோதுமை

கோதுமைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எவ்தோக்கியா வாசலுக்கு வந்தபோது வளைகுடாவின் நடுவே கப்பல் நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை இந்தத் தீவுக்கு வர வேண்டிய உல்லாசக் கப்பல். வேறொரு தீவில் காற்று ஒதுங்க விடவில்லையாம், ஞாயிற்றுக்கிழமையே வந்து தொலைத்துவிட்டது. சிறு படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தன. கடைத்தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கடை திறந்தால் கோயிலுக்கு யார் வருவார்கள்?

இன்றைக்கு அவளுடைய தம்பி செவாஸ்தோஸ் செத்த நாற்பதாம் நாள். நேற்றே கோதுமையை அவித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, பாதாமும் உலர்திராட்சையும் மாதுளை முத்துக்களும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடியை அழுத்திச் சிலுவை போட்டிருந்தாள். ஊரே சாப்பிடும் அளவு. பூசை முடிந்ததும் ஆளுக்கொரு கரண்டி வாங்கி, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். சொல்லாமல் தின்பவர் இந்த ஊரில் கிடையாது. எத்தனை வாய் சொல்கிறதோ அவ்வளவுக்குச் செத்தவனின் பாரம் குறையும் என்று அவள் நம்பினாள். செவாஸ்தோஸுக்கு நிறைய வாய்கள் வேண்டியிருந்தன.

நாலு வருடத்துக்கு முன்னால், காற்று சரியில்லை என்று ஊரே சொல்லியும் கேட்காமல், பக்கத்து வீட்டு வங்கேலிஸையும் வம்படியாகக் கூட்டிக்கொண்டு வலை எடுக்கப் போனவன் அவன். திரும்பி வந்ததும் அவன் மட்டும்தான். வங்கேலிஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை. செவாஸ்தோஸை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அக்காவின் காப்பிக் கடையில் அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். குடித்தே போய்ச் சேர்ந்தான்.

வங்கேலிஸின் மனைவி கல்லிரோயி, காப்பிக் கடைக்கு அடுத்த கடையில் கடற்பஞ்சும் மேசை விரிப்பும் விற்கிறாள். இடையில் ஒரே சுவர், நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அவள் துக்கத்துக்குக் கறுப்பும் உடுத்தவில்லை, கணவனுக்குக் கோதுமையும் அவிக்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் எப்படி அவிப்பது என்பாள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

கோயிலில் நாலைந்து கிழவிகள் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்களும் ஒரு கரண்டி வாங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பேரப்பிள்ளைகளின் கடைகளைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். பாதிரியார் நிக்கித்தாஸுக்குக் கொஞ்சம் சங்கடம்.

"மனசுல வெச்சுக்காதம்மா. வருஷத்துல கடைசிக் கப்பல். வர முடியாதவங்க இருந்த எடத்துலயே வேண்டிக்குவாங்க."

"கப்பல் வரலேன்னா மட்டும் வந்திருப்பாங்களா, ஃபாதர்?"

அவர் திரும்பி, மெழுகுவர்த்தியை அணைக்கப் போனார்.

சரியாத கோதுமை மேடோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். வேறு வழியில்லாமல் கடையைத் திறந்தாள். பயணிகளுக்கு அவசரமே இல்லை. நீந்திவிட்டு ஈரத் தலையோடு வந்தார்கள், எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள், ஒரு காப்பியை ஒரு மணி நேரம் குடித்தார்கள். இப்படி நிம்மதியாக ஒரு பகலாவது தன் தம்பி இந்த மேசையில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

வெயிலில் சிவந்துபோன ஒரு மனிதரும் அவர் மனைவியும் தட்டைக் காட்டி ஏதோ கேட்டார்கள். கேக் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று தலையாட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, இரண்டு கிண்ணங்களில் போட்டு நீட்டினாள். அவர்கள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது, அவர்களுக்குப் பதிலாகத் தானே முணுமுணுத்தாள். "கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

அவர்கள் சிரித்துக் கட்டை விரலை உயர்த்தினார்கள். அடுத்த மேசையிலும் கேட்டார்கள். அவள் மேசை மேசையாகப் போய்க் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை முணுமுணுத்தாள். யார் வாயாக இருந்தால் என்ன என்று ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

"அத எதுக்கு அவங்களுக்குப் போடறீங்க?"

கல்லிரோயி, தன் கடை வாசலிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தாள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் அக்கா என்பவள். இப்போது அந்தச் சொல் இல்லை.

"கேட்டாங்க, குடுத்தேன்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? பலகாரம்னு நெனச்சுத் தின்னுட்டுப் போறாங்க."

"தெரியாதவங்ககிட்டத்தான் என்னால நீட்ட முடியுது, கல்லிரோயி. தெரிஞ்சவங்க யாரும் வாயத் தெறக்க மாட்டேங்கறீங்களே."

கல்லிரோயி பாதி தீர்ந்திருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கரண்டியை எடுத்தாள். எவ்தோக்கியா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். இந்த ஒருத்தி சொன்னால் போதும், ஊரில் வேறு யார் சொல்லாவிட்டாலும் போகட்டும்.

"கடவுள் வங்கேலிஸை மன்னிக்கட்டும்" என்றாள் கல்லிரோயி.

வாயில் போட்டு மெதுவாக மென்றாள். கோதுமை சீக்கிரம் விழுங்க விடாது. மென்றுகொண்டே இருந்தவளின் கண்களிலிருந்து நீர் இறங்கியது. கணவன் செத்துவிட்டான் என்று அவள் வாயால் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. எவ்தோக்கியா தம்பியை மறந்து அவளுக்காக அழுதாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றாள். அவள் உட்காரவில்லை.

கப்பல் நீளமாக ஊதியது. பயணிகள் துண்டுகளை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்கள். மேசைகள் காலியாயின.

கல்லிரோயி மறுபடியும் கரண்டியைத் தட்டில் இறக்கினாள். இந்த முறை சிலுவை கலையாமல் இருந்த பக்கத்திலிருந்து எடுத்தாள். நிறைந்த கரண்டியை முகத்துக்கு நேராக உயர்த்தியவள் அப்படியே நின்றாள். சர்க்கரைப் பொடி அவள் புறங்கையில் உதிர்ந்தது. எவ்தோக்கியா, இந்த முறை எந்தப் பெயர் வருமோ என்று அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.