சுவர்க்கோழிக்குக் காது எங்கே?

அவள் அந்த மன்றத்துக்குள் நுழைந்ததே ஒரு வாஷிங் மெஷினால்தான். புதிதாக வாங்கிய மெஷின், துணி பிழியும் நேரத்தில் குளியலறையை விட்டுக் கூடத்துக்கு நடந்து வந்தது. கம்பெனிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்க, அவள் இணையத்தில் தேடி, மெஷின் பழுது பார்ப்பவர்களும் பழுதால் அவதிப்படுபவர்களும் கூடிப் பேசும் ஒரு மன்றத்தைப் பிடித்தாள். அங்கே நிர்வாகியாக இருந்தவரை எல்லாரும் மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள். "லாரியில வரும்போது ஆடாம இருக்கப் பின்னாடி போல்ட் போட்டிருப்பான். அதைக் கழட்டினீங்களா?" என்று அவர் கேட்டார். கழற்றவில்லை. கழற்றியதும் மெஷின் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. வந்த வேலை முடிந்தது, அவள் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் மன்றத்தின் ஒரு மூலையில் 'அரட்டை' என்று ஒரு பகுதி இருந்தது. மெஷின் பேச்சு ஓய்ந்த நேரத்தில் அங்கே ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தவர்களை வளைத்துப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவியில் வருவது போலவே ஒரு வினாடி வினா நடத்த ஆரம்பித்தாள். பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களை அதட்டாமல் வரிசையில் உட்கார வைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கூட்டம் அவளுக்குக் கட்டுப்பட்டது. பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்கா ஆனாள்.

டிவியில் மணி அடிப்பார்கள். மன்றத்தில் மணிக்கு எங்கே போவது? முதலில் 'டிங்' என்று எழுதுகிறவருக்கே பதில் சொல்லும் உரிமை என்று விதி போட்டாள். எழுதிய பதிலைப் பிறகு மாற்றினால் 'திருத்தப்பட்டது' என்று அதன் அடியிலேயே மன்றம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பதில் செல்லாது. அக்கா ஆளைப் பார்த்து விடையை மாற்றினாள் என்று நாளைக்கு ஒருவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதென்று, விடைகளை ஒரு வரி விளக்கத்தோடு முன்கூட்டியே மெக்கானிக்குக்கு அனுப்பி வைத்துவிடுவாள். விளம்பர இடைவேளைக்கும் வழி செய்திருந்தாள். விடை வெளியாகிற நேரத்தில், "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போய்விடுவாள். எல்லாரும் இருப்புக்கொள்ளாமல் தவிப்பார்கள். பல தடவை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டாள், சும்மா உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருப்பாள்.

இந்தத் தடவை இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவருடைய மெஷினில் இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை, பிறகு ஏன் மன்றத்தில் சேர்ந்தார் என்பது யாருக்கும் தெரியாது. இன்னொருவர் 'கடைசி பெஞ்சு' என்ற பெயரில் எழுதுகிறவர். மெஷினின் மின்பலகைக் கோளாறு என்றால் மெக்கானிக்கே அவரைத்தான் கூப்பிடுவார். பதில் சொன்னதும் ஒதுங்கிவிடுகிற ஆள். மன்றமே அக்கா அக்கா என்று உருகும்போது, இவர் மட்டும் 'அறிவிப்பாளர் அவர்களே' என்று எழுதுவார். ஆள் கொஞ்சம் கர்வி போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு மட்டும் 'டிங்' கிடையாது. இருவரும் பதிலை மெக்கானிக்குக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் இரண்டையும், அக்காவின் விடையையும் சேர்த்து ஒரே நேரத்தில் மன்றத்தில் போடுவார். அவள் கேள்வியைப் போட்டாள்: சுவரிடுக்கில் உட்கார்ந்து கத்துகிற சுவர்க்கோழிப் பூச்சிக்குக் காது எங்கே இருக்கிறது? நல்ல குறும்பான கேள்வி என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கப் போவதாக எழுதிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் மூன்றையும் போட்டார்.

டீச்சர்: "முன்னங்கால்களில், முட்டிக்குச் சற்றுக் கீழே."

கடைசி பெஞ்சு: "காதே கிடையாது. காது இருந்தா இந்தக் கத்து கத்துமா?"

அக்காவின் விடை: "காதே கிடையாது. காது இருந்தா இந்தக் கத்து கத்துமா?"

 மன்றம் பிடித்துக்கொண்டது. டீச்சர் எங்கிருந்தோ சுவர்க்கோழியின் படத்தை எடுத்து, முன்னங்காலில் காது இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். "எங்களுக்கே காது குத்துறீங்களாக்கா" என்று ஒருவர் கேட்டார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் டீச்சர் நிதானமாக எழுதினார்.

"சரியான விடை ரெண்டு பேருக்குப் பொருந்தினா அதை அறிவுன்னு சொல்லலாம். தப்பான விடை, வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினா அதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க. விடை முன்னாடியே கைமாறியிருக்கு."

அவ்வளவுதான். இத்தனை நாள் அக்கா என்றவர்களெல்லாம் 'நடத்துபவர்' என்று எழுத ஆரம்பித்தார்கள். போன ஆட்டங்களையும் கிளறினார்கள். மெக்கானிக்குக்கு முகம் தொங்கிப்போனது அவர் எழுத்திலேயே தெரிந்தது. "மெஷினைத் தவிர நான் எதையும் திறந்து பார்த்தவன் இல்லை. விடையை நான் யாருக்கும் காட்டலை. நம்பினா நம்புங்க" என்று எழுதியிருந்தார்.

இதில் ஒன்றும் அவள் மனதில் ஏறவில்லை. அந்த இரண்டு ஒரே மாதிரியான வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லா விடைகளையும் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சரிபார்த்துத்தான் அனுப்பினாள். இதை மட்டும் பார்க்கவில்லை. சொந்தப் பெயரை யாராவது சரிபார்ப்பார்களா? அந்த மாதிரி அவளுக்குத் தெரிந்த விஷயம் இது. அப்பா சொன்னது.

அப்பாவுக்கு டிவி வினாடி வினா என்றால் உயிர். ஆனால் டிவிக்காரன் விடை சொல்ல அவர் விட மாட்டார். சரியாக அந்த நேரத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு, "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவார். அவளும் தம்பியும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிதானமாகத் திரும்பி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தன் விடையைச் சொல்வார். அந்த வீட்டில் அதுதான் விடை. டிவிக்காரன் சொன்னது என்ன என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அப்படிக் கற்றுக்கொண்ட எத்தனையோ தப்புகளைப் பள்ளியிலும் வெளியிலும் அசடு வழிந்து அவள் ஒவ்வொன்றாகக் களைந்திருந்தாள். சுவர்க்கோழி மட்டும் எந்த இடத்திலும் மாட்டாமல் தப்பித்து இருந்திருக்கிறது. அந்த வரியை உலகத்தில் இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

"ஏங்க" என்றாள்.  இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தவர், கையில் ஒரு சட்டையோடு வந்தார். திரையைப் பார்த்தார். "என்னம்மா, ஒரே சண்டையா இருக்கு?"

"கடைசி பெஞ்சு யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"என் தம்பி."

அவர் சட்டையை நாற்காலி முதுகில் போட்டார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் வெகு காலமாக எடுக்கப்படாத பேச்சு. அப்பா போன பிறகு அவர் வீட்டைக் காலி செய்தபோது, ஓடாத அந்தப் பழைய டிவியைத் தம்பி அவளைக் கேட்காமல் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஒரு டிவியில் ஆரம்பித்த பேச்சு, ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதுவரை போனது. "நீ இருந்ததே இப்படிச் சொல்லிக் காட்டத்தானா?" என்று அவன் கேட்டான். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று அவள் சொன்னாள். ரோஷக்காரன், மிதிக்கவில்லை. இவளும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு பேரிடமும் நம்பர் இருந்தது, கூப்பிடத்தான் மனசு வரவில்லை.

"அவனுக்கு நீதான்னு தெரியுமா?" என்றார் கணவர்.

அவள் சற்று யோசித்தாள். "தெரியாம எப்படி இருக்கும்? ஒவ்வொரு ஆட்டத்துலயும் தண்ணி குடிக்கப் போறேன்னு எழுதறேனே. முத நாளே தெரிஞ்சிருக்கும். அதான் அறிவிப்பாளர் அவர்களே, அறிவிப்பாளர் அவர்களேன்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் மடித்து உள்ளே வைத்துவிடலாம் என்று நம்புகிறவர். "சொல்றேன்னு தப்பா நினைக்காதே. தம்பின்னு சொன்னா இன்னும் மோசம். உறவுக்காரனுக்கு அக்காவே விடை கொடுத்துட்டான்னுதான் பேசுவாங்க. கேள்வி தப்பு, ரத்துன்னு சொல்லிட்டு வேற ஒரு கேள்வி போடு. அவன்கிட்ட அப்புறம் தனியாப் பேசிக்கலாம்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'இந்தக் கேள்வி ரத்து' என்று பாதி தட்டியிருப்பாள், அதற்குள் புதிய பதிவு ஒன்று வந்து விழுந்தது. கடைசி பெஞ்சு எழுதியிருந்தார்.

"விடையை நான் குறுக்கு வழியில் தெரிந்துகொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பாளர் மீதும் மெக்கானிக் மீதும் எந்தத் தவறும் இல்லை. பட்டம் டீச்சருக்கு உரியது. நான் மன்றத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். என் கணக்கை நீக்கிவிடுங்கள்."

செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறான். சின்ன வயதில் அவள் உடைத்த கண்ணாடிக்கு அவன் அடி வாங்கியதுகூட இப்படித்தான். இப்போது போனால் போனதுதான், இனி எந்த மூலையில் போய்த் தேடுவது? அவள் பாதி தட்டியதை அழித்தாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் சொல்றேன்" என்று எழுதினாள். "சுவர்க்கோழிக்குக் காது முன்னங்கால்லதான். டீச்சர் சொன்னதுதான் சரி, பட்டம் டீச்சருக்கு. சரிபார்க்காம அனுப்பினது என் தப்பு. ஆனா விடை யார் கைக்கும் மாறலை. அந்த வரி எங்க அப்பா சொன்னது. அவர் சொன்னதை வேதவாக்கா நம்பி வளர்ந்தவங்க ரெண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தன் என் தம்பி. அவன் இங்க இருக்கான்னு எனக்கு இப்பதான் தெரியும். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இனிமே நான் ஆட்டம் நடத்தக் கூடாதுன்னாலும் சரி. மெக்கானிக் சார், அவன் கணக்கை மட்டும் நீக்காதீங்க. ஒரு தடவை நானே அவனைப் போகச் சொல்லிட்டேன். அதுவே போதும்."

கை வழக்கத்தில் தானாகவே அடியில் சேர்த்தது: "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்."

இந்தத் தடவை நிஜமாகவே எழுந்து போனாள். சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் ஒரு டம்ளர் நிறையக் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது. அப்பா ஒவ்வொரு தடவையும் இப்படிச் சமையலறையில் வந்து நின்று என்ன யோசித்திருப்பார் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. விடை தெரியாமல்தான் வந்து நின்றிருப்பார், வேறென்ன.

திரும்பி வந்தபோது டீச்சர் எழுதியிருந்தார். "உறவுக்காரங்க ஆடக் கூடாதுன்னு விதி எதுவும் நாம போடலை. பட்டத்தை ஏத்துக்கறேன். விடை கைமாறியிருக்குன்னு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். எங்க வீட்டுலயும் ஒரு அப்பா இருந்தார்." மெக்கானிக், "கணக்கை எல்லாம் நீக்க முடியாது. மின்பலகைக் கேள்விக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டிருந்தார். காது குத்துவதைப் பற்றிப் பேசியவர் கண்ணீர் விடும் பொம்மை முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்.

கடைசி பெஞ்சு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். கணவர் மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். போய்விட்டான் என்று அவள் முடிவு கட்டியபோது, கீழே ஒரு வரி வந்தது.

"அறிவிப்பாளர் அவர்களே, சுவர்க்கோழி விஷயம் தவறு என்று எனக்கும் இன்றுதான் தெரியும்."

அவள் அதையே வெறித்தாள். அவர்களே என்கிறான். இத்தனைக்குப் பிறகும் அவர்களே. சரி, அது அவன் பாடு, கேட்டு வாங்குகிற விஷயமா இது? கணினியை மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள்.

அப்போது அவள் கண் முன்னாலேயே அந்த வரி மாறியது. இப்போது அங்கே இப்படி இருந்தது: "அக்கா, தண்ணி குடிச்சிட்டியா?"

அதன் அடியில், சின்ன எழுத்தில், மன்றம் வழக்கம்போலக் காட்டிக்கொடுத்திருந்தது: திருத்தப்பட்டது.

திருத்திய பதில் செல்லாது என்பது அவளே போட்ட விதி. அதை வைத்து எத்தனை பேரை ஈவு இரக்கமில்லாமல் வெளியேற்றியிருக்கிறாள். மன்றத்தில் எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். திரை மங்கலாகத் தெரிந்தது. எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள்.

"செல்லும்டா."