படகுத்துறைக்கு ஒரே சாட்சி

கம்பெனிக்காரர்கள் அந்த ஆன்லைன் விளையாட்டை இழுத்து மூடி ஆறு வருஷமாகிறது. மூடிவிட்டதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உலகத்தில் இன்னும் எண்பத்தேழு பேர் பாக்கி. அவர்களுக்காக ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியின் கணினி செய்த வேலையை அப்படியே செய்யும்படி அவனே எழுதிய புரோகிராம் அது. அவரவர் கணினியில் மிச்சமிருந்த பழைய விளையாட்டும் அதை அசல் என்று நம்பி, சமர்த்தாக ஓடியது.

கம்பெனியின் அசல் புரோகிராம் கைக்குக் கிடைக்காது என்பதால் எல்லாமே ஞாபகத்திலிருந்துதான். ஓநாய் எத்தனை அடிக்குச் சாகும், கொல்லன் கடையை எப்போது திறப்பான் என்று மூன்று பேர் தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னால் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் கிடையாது. சட்டம் போட்டவன் மெக்கானிக். சாட்சி நோட்டைக் கட்டிக்கொண்டு அதற்குக் காவல் நின்றவன், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மச்சான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படகுத்துறையைத் திறப்பதாக எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அங்கே கணினியே இயக்கும் படகுக்காரன் முதலான பாத்திரங்கள் பேசும் வசனமெல்லாம் எழுதிவைத்திருந்தவள் மெக்கானிக்கின் மனைவி. அன்று மதியச் சாப்பாட்டில் அவள் முரண்டு பிடித்தாள்.

"படகு கிளம்பறப்ப படகுக்காரன் கரையில நின்னு கை காட்டுவான். அதைச் சேக்காம வசனம் தர மாட்டேன்."

"உன்னைத் தவிர யாருமே அப்படிச் சொல்லலையேக்கா," என்றான் மச்சான், நோட்டைப் புரட்டிக்கொண்டே.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

மெக்கானிக் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. படகுக்காரன் யாருக்கும் கை காட்டியதே இல்லை என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். காட்டியது சாட்சாத் இவன்.

கல்யாணத்துக்கு முன்னால், விளையாட்டுக்குள் புதிதாக வந்த யாருக்கோ அவள் தன் மீன் கூடையைத் தூக்கிக் கொடுத்ததை ஒருநாள் பார்த்தான், அவ்வளவுதான், ஆள் காலி. பேசத் துணிச்சல் வரவில்லை. ஆட்களை ஏற்றிவிட்டுக் கரையிலேயே நிற்கும் படகுக்காரனுடையதைப் போலவே சட்டையும் தொப்பியும் தேடிப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் பெயர் தெரியாமல் மறைத்து, அவன் மேலேயே ஒட்டி நின்றால் இரண்டு பேரும் ஒருவராகத் தெரிவார்கள். எட்டு மாதம் அப்படி நின்று கை காட்டினான். பிறகுதான் ஒரு வழியாக வணக்கம் சொன்னான். அவளோ கல்யாணமான இந்த ஒன்பது வருஷமாக, "பாத்த முதல் நாளே தைரியமா வந்து பேசினவரு" என்று சொந்தபந்தத்திடமெல்லாம் புருஷன் புகழ் பாடிக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்தத் தைரியசாலியின் மானம் கப்பலேறிவிடும்.

"நானும் பாத்திருக்கேன். ரெண்டாவது சாட்சின்னு எழுதிக்கோ," என்று மழுப்பிப் பார்த்தான்.

"மூணு வேணும் மாமா. உங்க சட்டம்தான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விடுங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு போல. இல்லாததெல்லாம் ஞாபகத்துல வருது."

அதை அவனால் தாங்க முடியவில்லை. மானமாவது ஒன்றாவது.

"உனக்கு எல்லாம் சரியாத்தான் ஞாபகம் இருக்கு. அது படகுக்காரன் இல்ல, நான்தான்," என்று ஆரம்பித்து, சட்டை, தொப்பி, எட்டு மாதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மச்சானுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தினமும் அந்தப் படகுல ஏறி நான் எங்கே போனேன்னு நினைச்சீங்க?"

"அக்கரைச் சந்தைக்குத்தானே."

"அக்கரையில எனக்கு ஒரு வேலையும் இல்ல. இறங்கினதும் அடுத்த படகுல திரும்பிடுவேன். வெறும் புரோகிராம்தான்னு நினைச்சுக்கிட்டே, அது கை காட்டறதைப் பாக்கத்தான் தினமும் ஏறினேன்."