இரண்டு கறுப்புக் கோடு

தம்பி போன மூன்றாவது மாதம் சமையலறையில் கரப்பான் பெருகியது. தினமும் காலையில் ஒரு கெட்டில் வெந்நீர் காய்ச்சிச் சாக்கடைத் துளையில் ஊற்றினேன். பெரிய செம்பழுப்புக் கரப்பான்களுக்கு நாங்கள் எப்போதும் பார்க்கிற வைத்தியம் அது. "நல்லா குளிப்பாட்டி அனுப்புக்கா" என்று தம்பி கேலி செய்வான். இந்த முறை வெந்நீர்தான் தீர்ந்தது.

கரப்பானுக்கு மருந்து வைக்கிறவரை வரச் சொன்னேன். முந்தின நாள் வந்து வைத்துவிட்டுப் போன ஒட்டுத்தாளை எடுத்து, அதில் சிக்கிய ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார்.

"தலைக்குப் பின்னால பாருங்க. ரெண்டு கறுப்புக் கோடு தெரியுதா?"

தெரிந்தது. விரல் நகத்தைவிடச் சற்றே நீளம், வெளிறிய பழுப்பு.

"ஜெர்மன் கரப்பான். பேருதான் அசலூரு, எந்த வீட்லயும் மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்கும். இது சாக்கடை ஆள் இல்ல. நீங்க ஊத்தின வெந்நீர்ல ஒருத்தன்கூடக் கால் நனைச்சிருக்க மாட்டான்."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"நாமதான் தூக்கிட்டு வருவோம். பழைய சாமான், அட்டைப்பெட்டி…" என்றபடி டார்ச்சை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் திருப்பினார். மோட்டார் சூட்டை ஒட்டி, டேப் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. "இது எப்ப வந்ததுக்கா?"

ஊரே என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

தம்பிக்கு பேக்கரியில் அடுப்படி வேலை. அங்கேயே ஒரு மத்தியானம் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு வாரம் கழித்து, அவன் லாக்கரில் இருந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் அவனிடமிருந்து வருவதற்கு இனி எதுவும் இல்லை.

"இதான் தாய்வீடு. அப்படியே கட்டித் தூக்கிப் போட்டுடலாம்."

"வேணாம். சுத்தி மருந்து மட்டும் வைங்க."

"உள்ள சாப்பாடு இருந்தா என் மருந்தை எவன் மதிப்பான்? விருந்து வீட்ல கஞ்சி ஊத்துற கதைதான்."

"தம்பி சாமான். இன்னும் பிரிக்கல."

அவர் கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார். "பிரிக்கிறதா இருந்தா நான் பையைப் பிடிச்சுக்கறேன்."

பெரிய பிளாஸ்டிக் பைக்குள் பெட்டியை இறக்கினார். கத்தியால் டேப்பைக் கிழித்தேன். கரப்பான்கள் எல்லாம் அட்டையின் மடிப்புக்குள் ஓடி ஒளிந்தன. ஒன்று மட்டும் மெதுவாகப் போனது. அதன் பின்புறத்தில் அரிசி போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"முட்டைப்பை. வீட்டுக்கு வர்ற மத்த வகையெல்லாம் எங்கயாவது போட்டுட்டுப் போயிடும். இது பொரியற வரைக்கும் சுமந்துட்டே திரியும்."

பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளைத் தொப்பி, துண்டு, ஒரு ஜோடி செருப்பு. அடியில் சாப்பாட்டு டப்பா. ஒரு பக்கக் கொக்கி உடைந்திருந்தது. மாற்றச் சொல்லி நான் தொண்டை வற்றக் கத்திய டப்பா. அவன் என்றைக்கும் கடைசி வாயை மீதி வைப்பான். திட்டினால், "யாருக்காவது ஆகும்கா" என்பான்.

மூடியைத் திறந்தேன். மிளகுத்தூள் போல எச்சம், உரித்துப் போட்ட தோல்கள். அவன் விழுந்த அன்று காலை நான் கட்டிக் கொடுத்ததில் ஒரு பருக்கைகூட இல்லை.

"இதைத் தின்னுதான் முதல்ல தலையெடுத்திருக்கு" என்றார்.

"மீதி வைப்பான். வேணும்னே வைப்பான்."

அவர் தலையாட்டினார். மற்றதையெல்லாம் பைக்குள் விட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். பையின் வாயை முறுக்கிக் கட்டினார். அலமாரிக் கீல்களில் கடுகளவு மருந்துப் பசை வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "டப்பாவை நல்ல கொதிதண்ணில கழுவிடுங்கக்கா" என்றார்.

காலையில் சாக்கடைக்காகக் காய்ச்சியது, அவர் வந்துவிட்டதால் ஊற்றாமல், கெட்டிலில் அப்படியே இருந்தது. மறுபடி கொதிக்க வைத்து, டப்பாவில் ஊற்றினேன்.