இரண்டு பிடி மா

...இன்றைக்குப் போட வேண்டாம், ஒரு பிடிகூட வேண்டாம், போடாவிட்டால் என்ன, பிட்டு உதிரும், அவ்வளவுதானே, உதிர்ந்தால் உதிரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஆறாயி பூக்கோவாவை, அந்தக் காலிபிளவரை, சுரண்டினாள், சுரண்டச் சுரண்டத் தட்டில் விழுந்த வெள்ளைத் துருவல் பார்வைக்குத் தேங்காய்ப்பூ மாதிரியேதான் இருந்தது, பார்வைக்கு என்ன குறை, வாயில் வைத்தால்தானே வண்டவாளம் தெரியும்... மணி பத்தரை. அவள் வேலை செய்யும் வீட்டு ஐயாவும் அம்மாவும் எட்டு மணிக்கே டொக்டரிடம் போய்விட்டார்கள். திங்கட்கிழமை ஐயாவிடம் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் இன்றைக்கு டொக்டரின் மேசைக்கு வந்திருக்கும். வழக்கமான சோதனை என்றால் அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திராது, முதல் நாள் ராத்திரி கையை இறுக்கிப் பிடித்திருந்தால் போதும், காலையில் சீனி கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். இது அப்படியில்லையாம், மூன்று மாதமாக உடம்புக்குள் எவ்வளவு சீனி ஓடியது என்று மொத்தமாகச் சொல்லிவிடுமாம், புளோறன்ஸ் அம்மாதான் சொன்னார், ஒருநாள் பத்தியம் இருந்து ஏமாத்தேலாது ஆறாயி, ரத்தம் மூண்டு மாசத்தையும் வைச்சிருக்கும் என்று. ரத்தத்துக்கு இப்படியொரு ஞாபகசக்தி உண்டென்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என்ன, மூன்று மாதம் கழித்தா சொல்வார்கள்?

எல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் அவர்கள் மகள் டொறின் பாப்பாவால் வந்தது. அப்பாவின் கால்விரலில் சப்பாத்து கடித்த புண் ஆறவில்லை, சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று கேட்டதும், அந்தப் பிள்ளை அங்கே எதையெதையோ படித்து ஒரு கட்டுக் கடதாசி அனுப்பி வைத்தது. பேலியோ என்று பெயராம். வயல் உழாத காலத்து மனிதர் தின்றதை மட்டும் தின்ன வேண்டுமாம், சோறு கூடாது, மா கூடாது, பருப்புக்கூடக் கூடாது, மீன், இறைச்சி, முட்டை, தேங்காய், மரக்கறி, இவ்வளவுதான். அப்படியென்றால் பிட்டு? அதற்கும் வழி இருந்தது கடதாசியில், பூக்கோவாவைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, தேங்காய்ப்பூவோடு பிசறி, ஆவியில் அவிக்க வேண்டும், ரொட்டிக்குத் தேங்காய்ச் சக்கையும் முட்டையும். புளோறன்ஸ் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பூசைப் புத்தகம் வாசிப்பது போல வாசித்தார். ஆறாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை, "ஏங்கம்மா, அந்தக் காலத்து மனுசனுக்குப் பூக்கோவா யாரு லொறியில கொண்டாந்து குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டாள். ஹியூபேட் ஐயா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. அவர் சிரித்ததைப் பார்க்க அன்றைக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது... மஸ்கெலியாவில் மலை மலையாகப் பூக்கோவா விளைந்த தோட்டத்தைத் தாண்டித்தான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள், ஒருநாளும் ஒன்றைத் தின்றதில்லை, அதை இங்கே கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் நின்று பிட்டாக்கப் போகிறோம் என்று கனவா கண்டாள்.

முதல் நாள் ஐயா ஒரு வாய் வைத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். இரண்டாம் நாளும் அப்படியே. நாற்பது வருசம் துறைமுகத்தில் கணக்கெழுதிவிட்டு வந்து ராத்திரிக்கு இரண்டு குழல் பிட்டும் மீன்குழம்பும் என்று வாழ்ந்த மனிதர், வெறும் வயிற்றோடு சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரையைப் பார்த்தார். தட்டு நிரம்பியபடி குசினிக்குத் திரும்பி வந்தால் ஆறாயிக்குத் தாங்காது, அது அவள் வியாதி. மூன்றாம் நாள் அம்மாவுக்கென்று தனியாக வறுத்து வைத்திருந்த சிவப்பரிசி மாவில் இரண்டே இரண்டு பிடி எடுத்துப் பூக்கோவாவோடு சேர்த்துப் பிசறினாள். இரண்டு பிடி, மருந்துக்கு. குழலிலிருந்து தள்ளியபோது பிட்டு முறியாமல் முழுசாக வந்து தட்டில் நின்றது. ஐயா தின்றார். இன்னும் இருக்கோ என்று கேட்டார். அந்த 'இன்னும் இருக்கோ'வில்தான் அவள் கெட்டுப்போனாள். பிறகு இரண்டு பிடி மூன்றாயிற்று, ரொட்டிக்குள்ளும் போயிற்று, அம்மாவுக்குப் பூக்கோவா அவியும் நாற்றமே பிடிக்காது என்பதால் ஐயாவின் பிட்டை அவர் ஒருநாளும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், நாலு வார்த்தை பேச்சு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான் போலிருக்கிறது.

அதோடு நின்றதா? அம்மா ரொறன்ரோவுக்குப் பெருமையடித்து வைத்தார், ஆறாயின்ர கையில பூக்கோவாப் பிட்டு அப்பிடியே அரிசிமாப் பிட்டு மாதிரி வருது, அப்பா ரெண்டு குழல் சாப்பிடுறார் என்று. அங்கே டொறின் பாப்பா செய்தது, உதிர்ந்தது. பாப்பாவின் சிநேகிதி செய்தாள், அதுவும் கூழாகிவிட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோனை ஆறாயியின் காதிலேயே வைத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் பிழியுறீங்கள் ஆறாயி, எத்தனை நிமிசம் அவிக்கிறீங்கள், இஞ்ச ஒட்டுதே இல்லையே... என்னத்தைச் சொல்வது, "நல்லா முறுக்கிப் பிழியணும் பாப்பா, மத்ததெல்லாம் கைப்பக்குவந்தான்" என்றாள். கைப்பக்குவமாம். கடல் தாண்டி எத்தனை பெண்கள் அவளை நம்பிப் பூக்கோவாவைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்க ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். ஏனென்றால் பின்னேரங்களில் ஐயாவின் காலைக் கழுவி மருந்து கட்டுவதும் அவள்தான். புண்ணின் ஓரம் சிவப்பாக இருந்ததும், பிறகு ஒருமாதிரி ஊதாவாக வந்ததும், போன கிழமை கட்டை அவிழ்க்கும்போதே வாடை வந்ததும் அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அம்மா அந்த நேரம் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டேதான் போட்டாள். இன்றோடு சரி, நாளைக்கு நிறுத்திவிடுவோம் என்று தொண்ணூறு நாள் சொல்லியிருப்பாள், நிறுத்தினால் பிட்டு உதிருமே, நேற்று வரை ஒட்டியது இன்றைக்கு ஏன் உதிருது என்று கேட்டால்? திருடுகிறவனுக்குத் திருடுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம்.

கேட்டால் என்ன, ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே... ஒப்புக்கொண்டால் வீட்டை விட்டு அனுப்புவார்கள். அனுப்பாமல்? புருசனின் விரலைத் தின்றவளை எந்தப் பெண்பிள்ளை குசினியில் வைத்திருப்பாள்? அனுப்பினால் வீடு மட்டுமா போகும், அந்தப் படிவமும் போகும். தை மாதத்தில் பொலிஸ் வந்து வீட்டு வீடாகத் தமிழாட்களைப் பதிந்தபோது, இந்த வீட்டுப் படிவத்தில் மூன்றாவது பெயராக அவள் பெயரை எழுதினார்கள். மே கவுத, இது யார் என்று அந்தப் பொலிஸ்காரன் பேனையால் அவளைச் சுட்டிக் கேட்டான். புளோறன்ஸ் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அப்பே கெதற கெனெக் என்றார், எங்கள் வீட்டு ஆள். வேலைக்காரி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தப் படிவத்தின் பிரதி ஒன்று எப்போதும் அவள் சட்டைக்குள் இருக்கும், செக்பொயின்றில் அடையாள அட்டையை நீட்டி அதையும் விரித்துக் காட்டினால்தான் சந்தைக்குப் போய் வரலாம். தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்த ராக்கம்மாவுக்கு என்ன நடந்தது? வெள்ளவத்தையில் வேலை செய்த வீட்டாரோடு ஏதோ சண்டை, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள், அன்றைக்கு மத்தியானமே பிடித்துவிட்டார்கள், கொழும்பில் எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை, தோட்டத்திலிருந்து கடிதம் வந்து சேரும்வரை பன்னிரண்டு நாள் உள்ளே. வெளியே வந்த ராக்கம்மா அதற்குப் பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திடுக்கிடுகிறாள். ஆறாயிக்குக் கடிதம் எழுதக்கூட மலையில் யார் இருக்கிறார்கள், லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தம்பி எடுத்துக்கொண்டு நாலு வருசமாகிறது.

டெலிபோன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள், ஆறாவது அடிப்புக்குத்தான் எடுக்க முடிந்தது. அம்மாதான், வெளியில் எங்கேயோ கொமியூனிகேசன் கடையிலிருந்து, "றோட்டை மூடி வைச்சிருக்கிறாங்கள், ஆரோ பெரிய ஆக்கள் போகினமாம், வரச் சுணங்கும், அவருக்குச் சாப்பாட்டை ரெடியா வை." "ரிப்போட்டு என்னாச்சுங்கம்மா?" அந்தப் பக்கம் வாகன இரைச்சல். "வந்து கதைக்கிறன்." வைத்துவிட்டார். வந்து கதைக்கிறன் என்றால்? நல்ல செய்தியாக இருந்தால் டெலிபோனிலேயே சொல்லியிருப்பார்தானே, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி என்று தொடங்கியிருப்பார்... இல்லை, பக்கத்தில் ஆட்கள் நின்றிருக்கலாம், இந்தக் காலத்தில் டெலிபோனில் யார் தமிழில் நீட்டிக் கதைக்கிறார்கள், அதனால்தான் வைத்திருப்பார். குரல் எப்படி இருந்தது? கோபமா? களைப்பா? 'ஆறாயி' என்று பெயர் சொல்லவில்லையே, எப்போதும் சொல்வாரே. அடுப்பில் தண்ணீர் கொதித்துக் குழல் ஆடியது. அரிசிமா வைத்த தகர ரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு பிடி, கடைசியாக ஒரே ஒரு பிடி, தெரிந்துவிட்டதென்றால் இனிப் போட்டால் என்ன போடாவிட்டால் என்ன, தெரியவில்லை என்றால் போடுவதுதானே புத்தி... ரின்னைத் திறந்தவள் அந்தப் போன கிழமை வாடை ஞாபகம் வந்து மூடிவிட்டாள். பூக்கோவாவையும் தேங்காய்ப்பூவையும் மட்டும் குழலில் போட்டு அவித்தாள்.

ஒரு மணிக்கு வந்தார்கள். மூன்று மாடியையும் ஐயா ஏறி முடிக்க அரைமணி நேரம், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஸவாஹிர் நானா. நானா கதிரையில் இருத்திவிட்டுப் போனதும் அம்மா கதவைச் சாத்தினார், கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். "பதினொண்டு. ஏழுக்குக் கீழ நிக்க வேணுமாம். மூண்டு மாசத்துக்கு முந்திப் பத்து, இப்ப பதினொண்டு. வியாழக்கிழமை விரலை எடுக்கினமாம்." பிறகு குசினிப் பக்கம் திரும்பினார், ஆறாயி ஒரு அடி முன்னே வந்தாள், சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, காலில் விழுந்தாவது... ஆனால் அம்மா திரும்பியது அவளைச் சாட்சிக்குக் கூப்பிடத்தான். "இந்த மனுசி நெருப்புக்குள்ள நிண்டு தனிச் சாப்பாடு செய்து தாறா, என்னெண்டு ஏறினது? இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ, ஸவாஹிர்ற கடையில சாப்பிட்டனீங்களோ?" ஐயா கடதாசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஓம்," என்றார், "ரெண்டு மூண்டு தரம். பிறியாணி." அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

பிறியாணியாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு யாரும் பிடிக்காமல் வாசற்படியைத் தாண்ட முடியாத மனிதர், மூன்று மாடி இறங்கிப் பிறியாணி தின்றாராம். அழுகிற அம்மாவுக்கு இது தோன்றவில்லை, தோன்றாது, புருசன் ஒப்புக்கொண்டபிறகு எந்தப் பெண் கணக்குப் பார்ப்பாள். ஆறாயி தட்டை வைத்தாள். குழலிலிருந்து தள்ளிய பிட்டு தட்டில் விழுந்ததும் உடைந்து ஈரமணல் மாதிரிப் பரவியது. அம்மா அதைப் பார்க்கவில்லை, ஐயா பார்த்தார். மீன்குழம்பை விட்டுப் பிசைந்தார். ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல், ஒரு துகள் மிச்சமில்லாமல் தின்றார், தின்று முடித்து, "நல்லாயிருக்கு" என்றார், மூன்று மாதமாகச் சொன்ன அதே குரலில். முதல் நாள் தொண்டையில் இறங்காத அதே சாப்பாடு. இன்றைக்கு மட்டும் எப்படி இறங்கியது?

பின்னேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவர் காலைக் கழுவினாள். உள்ளறையில் அம்மா ரொறன்ரோவோடு கதைத்துக்கொண்டிருந்தார், அழுகைக்கு நடுவே பிறியாணி, பிறியாணி என்று கேட்டது. ஐயா குனிந்து மெதுவாகச் சொன்னார், "மா இல்லாமலும் தின்னலாம் போல கிடக்கு, ஆறாயி." அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படியானால் தெரியும். எப்போதிருந்து? முதல் நாளிலிருந்தேயா? அறுபத்தெட்டு வருசம் பிட்டுத் தின்ற நாக்குக்கு இரண்டு பிடி அரிசிமா தெரியாமலா போகும், அவள்தான் மடைச்சி. தெரிந்தால் ஏன் ஐயா நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது, கேட்டால் அவரும் அதையே திருப்பிக் கேட்கலாமே, புண்ணைத் தினமும் கழுவியவள் நீதானே என்று. அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இனி இந்த வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியாது, வியாழனுக்குப் பிறகு அவரைத் தாங்கி நடத்தவும் ஆள் வேண்டும், அவள் பெயர் அந்தப் படிவத்தில் இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். துவாயை எடுத்து விரல்களின் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறியாணி என்று அவர் பொய் சொன்னாரே, அந்தக் கணத்தில் தன் மனதில் முதலில் வந்தது எது என்று நினைத்துப் பார்த்தாள், விரல் இல்லை, அவருடைய வலியும் இல்லை, தப்பித்தோம் என்ற நிம்மதிதான் வந்தது... வந்தது வந்துவிட்டுப் போயிருக்கலாம், அந்த விரலுக்குத் துவாய் வந்தபோதும் அந்த நிம்மதி போகாமல் உள்ளேயே இருந்தது.