அபு சுல்தான் அனுப்பிய வான்கோழி

நவம்பர் கடைசியில் அமீரகத்துப் புஜைராவில் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். சேதுமாதவனும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தன் ஆபீஸ் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். கடல் பக்கமிருந்து காற்றும், எண்ணெய்த் தொட்டிகளின் பக்கமிருந்து வாடையும் சரிபாதியாக வந்துகொண்டிருந்தன. அந்த ஜன்னல் வழியாகத்தான் வெள்ளைப் பிக்கப் ஒன்று கேட்டைத் தாண்டி உள்ளே வருவதையும், அதன் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று நின்றபடியே பயணம் செய்வதையும் பார்த்தார்.

சேதுமாதவன் அந்த எண்ணெய்ச் சேமிப்புக் கம்பெனியின் அட்மின் மேனேஜர். அம்பாசமுத்திரத்துக்காரர். விசா, தண்ணீர் லாரி, கேம்ப் மூட்டைப்பூச்சி என்று வேறு யாருடைய இலாகாவிலும் சேராததெல்லாம் பதினாறு வருஷமாக அவர் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர்.

கூண்டில் வந்தது ஒரு வான்கோழி. ஆட்டுக்குட்டி கனம் இருந்தது. கழுத்தில் சிவப்பும் நீலமுமாகத் தோல் தொங்கியது. அது இறங்குவதற்கு முன்பே போன் வந்துவிட்டது. பேசியவர் அபு சுல்தான். தொட்டிகள் நிற்கிற நிலம் அவருடையது. மசாஃபி மலைப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற பெரிய மனிதர். எல்லோரும் அவரை அர்பாப், முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அரபியும் இந்தியும் கலந்துதான் பேசுவார்.

"சேது பாய், உங்க புது மேனேஜர் அமெரிக்காக்காரர்தானே? வியாழக்கிழமை அவங்களுக்கு நன்றி சொல்ற பெருநாளாம். அன்னிக்கு இதைத்தான் சாப்பிடுவாங்கன்னு அங்கே படிக்கிற என் பேரன் சொன்னான். கடையில வாங்கினது இல்லை, என் பண்ணையில வளர்ந்தது. வியாழக்கிழமை மதியம் நானும் வர்றேன். யல்லா."

புது ஜெனரல் மேனேஜர் டேல் ஹால்வர்சன் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மின்னசோட்டாக்காரர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வெளியூரில் யாரோ இறந்துபோன செய்தி வந்தாற்போல முகம் மாறியது.

"எவ்வளவு அன்பு," என்றார். "இதை நாம் மதிக்க வேண்டும். மெஸ்ஸில் விருந்து வையுங்கள். பூசணி, சோளம், சர்க்கரைவள்ளி எல்லாம் இருக்கட்டும். அந்தப் பறவையும்." கடைசி இரண்டு சொல்லை மட்டும் சன்னமாகச் சொன்னார். சேதுமாதவன் அதை ஊர் ஞாபகம் என்று எடுத்துக்கொண்டார்.

பறவையை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கம்பெனி டிரைவர் வைரவனைத் தவிர வேறு யாரும் சும்மா இல்லை. வைரவன் கல்லல் பக்கத்துக்காரன். கார்த்திகை பிறந்த அன்று சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அதனால் அவனை எல்லோரும் சாமி என்றார்கள். அவனும் எல்லோரையும் சாமி என்றான்.

"சாமி, இதுக்குத் தண்ணியும் தீனியும் வைக்கணும். ரெண்டு நாளைக்குத்தான்," என்றார் சேதுமாதவன்.

"வைக்கிறேன் சாமி. ரெண்டு நாளைக்கு அப்புறம் என்னன்னு நான் கேக்கல. கேட்டா அதுல எனக்கும் பங்கு வந்துரும்."

ஸ்டோருக்குப் பின்னால் பழைய மரப் பலகைகளை வைத்து அடைப்புக் கட்டினான். மாலை போட்டவனுக்கு எல்லா உயிரும் சாமிதான். சாயங்காலம் சேதுமாதவன் அந்தப் பக்கம் போனபோது, "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி ஊத்தணும்," என்று வைரவன் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பறவையும் தள்ளி நின்றது.

புதன்கிழமை காலை சேதுமாதவன் மெஸ் சமையற்காரர் மீராசாவைப் பார்க்கப் போனார். கீழக்கரைக்காரர். சீரகம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"அறுக்கிறதுக்கு எனக்கு எத்தனை நேரம் சார்? பிஸ்மி சொல்லி முடிக்கிற நேரம். ஆனா உங்க சர்க்குலர் என்ன சொல்லுதுன்னு பாருங்க," என்று முறத்தாலேயே கதவுக்கு மேலே காட்டினார்.

கம்பெனி வளாகத்துக்குள் எந்த உயிரையும் அறுக்கக் கூடாது, மீறினால் எச்சரிக்கைக் கடிதம் என்று நாலு மொழியில் அங்கே ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் யாரோ ஆடு அறுத்தபோது போட்ட சர்க்குலர். கீழே சேதுமாதவன் கையெழுத்து.

"இன்னிக்கு ஒரு நாள் நான் பாக்கலைன்னு வச்சுக்கிடுங்க."

"நீங்க பாக்கலைன்னாலும் கேமரா பாக்கும். கேமரா வச்சதும் நீங்கதானே சார்."

மார்க்கெட்டில் கோழிக்கடை இருந்தது. அங்கே கொண்டுபோகச் சொல்லி வைரவனைக் கூப்பிட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மார்க்கெட்டுக்கு எத்தன தடவ வேணா ஓட்டுறேன் சாமி. உசுரோட ஏத்திட்டுப் போயி பையில போட்டுக் கொண்டாரது மட்டும் ஆகாது. மாலையக் கழட்டுன மறுநாள் சொல்லுங்க, செய்றேன்."

மாலையைக் கழற்ற இன்னும் ஒரு மாதம் இருந்தது. விருந்து மறுநாள். சேதுமாதவன் தன் காரின் பின்சீட்டில் பேப்பர் விரித்தார். வைரவன் பறவையைக் கூண்டோடு தூக்கி உட்கார வைத்தான். கதவைச் சாத்துமுன் "சாமி சரணம்" என்று முணுமுணுத்தான். யாருக்காகச் சொன்னான் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வழி நெடுக அது சத்தமே போடவில்லை. கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோழிக்கடைக்காரர் அதைக் கையால் தூக்கிக் கனம் பார்த்தார். "அரை மணி நேரத்துல ரெடி. தலை வேணுமா, வேண்டாமா?"

"தலையா?"

"சிலர் கேப்பாங்க."

ஐம்பது வயதுக்குள் சேதுமாதவனிடம் யாரும் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. எத்தனையோ பேருடைய விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார். அதெல்லாம் காகிதத்தில் நடந்தது. வான்கோழி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி, முதல் கண் பார்த்தது சரிதானா என்று தெரிந்துகொள்கிறாற்போல, மற்றக் கண்ணாலும் பார்த்தது.

"இன்னிக்கு வேண்டாம். அப்புறம் வாரேன்," என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காரில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். ஜெயபாரதி பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கள யாரு கொல்லச் சொன்னா? சூப்பர் மார்க்கெட்ல ஐஸ்ல வச்சது கெடக்கும். ஒண்ணு வாங்கிட்டு வந்து இதுதான் அதுன்னு சொல்லுங்க. சமைச்ச பெறகு யாரு அடையாளம் பாக்கப் போறா?"

"அதுவும் ஒரு உயிருதான, ஜெயா?"

"அது போன உயிரு. நீங்க தலையிட்டா திரும்பி வரவா போகுது?"

சைவக் குடும்பத்தில் பிறந்த இருவருக்கும் அந்த நியாயம் போதுமானதாக இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கல்லாகக் கிடந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தார். மின்னசோட்டாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு என்று போட்டிருந்தது. ஹால்வர்சனின் ஊர்க்காரனை முன்சீட்டில் கிடத்தி, பின்சீட்டில் இருப்பது பார்த்துவிடாதபடி மேலே பேப்பரைப் போட்டு மூடிக்கொண்டு ஆபீஸ் திரும்பினார்.

வியாழக்கிழமை மெஸ்ஸில் முப்பது பேர். மீராசா பறவைக்குப் பிரியாணி மசாலா தடவி, ரொட்டி அடுப்பில் வாட்டி, நடுமேசையில் வைத்திருந்தார். சுற்றிலும் பூசணி, சோளம், சர்க்கரைவள்ளி. அபு சுல்தான் வெள்ளைக் கந்தூரா அங்கியில் வந்து ஹால்வர்சனின் பக்கத்தில் உட்கார்ந்தார். வைரவன் ஸ்டோருக்குப் பின்னால் அடைப்புக்குக் காவல் இருந்தான்.

ஹால்வர்சன் எழுந்து நன்றி சொன்னார். அறுவடைக்கு, நண்பர்களுக்கு, வந்த இடத்தில் வரவேற்கிறவர்களுக்கு. நன்றாகப் பேசினார். முப்பது பேரும் கை தட்டினார்கள்.

ஸ்டோருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நீளமாக, தொண்டையை உருட்டி, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

அபு சுல்தான் தலையை நிமிர்த்தினார். "என்ன சத்தம் அது?"

"பம்பு, அர்பாப்," என்றார் சேதுமாதவன். "பழைய பம்பு."

"ஆமாம், பழைய பம்புதான்," என்றார் ஹால்வர்சன் உடனே. "மாற்ற வேண்டும்." அவர் ஏன் ஒத்து ஊதுகிறார் என்று சேதுமாதவனுக்குப் புரியவில்லை.

ஓர் ஓரத்தில் விவரம் தெரியாத யாரோ மறுபடி கை தட்டினார். பம்பு மறுபடி ஓடியது.

அபு சுல்தான் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "நல்ல பம்பு," என்றார். "மாற்ற வேண்டாம்."

பிறகு நெஞ்சுக் கறியில் நல்ல துண்டாக எடுத்துத் தன் கையாலேயே ஹால்வர்சன் தட்டில் வைத்தார். ஹால்வர்சன் அதைவிட நல்ல துண்டைத் தேடி அவர் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் இப்படியே கறி அங்கும் இங்கும் போய் வந்தது. கடைசியில் இருவரும் பூசணியைச் சாப்பிட்டு எழுந்துபோனார்கள். பறவையை மெஸ் பையன்கள் எலும்பு மிஞ்சாமல் முடித்தார்கள்.

சாயங்காலம் ஹால்வர்சன் சேதுமாதவன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"பம்பு எப்படி இருக்கிறது?"

சேதுமாதவன் எழுந்து நின்று மன்னிப்புக் கடிதம்போல ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"உட்காருங்கள் சேது. நான் மாமிசத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் இந்த நாளில் என் அண்ணன் வீட்டு மேசையில் அதற்காகத் திட்டு வாங்குவேன். இந்த வருஷம் கடல் தாண்டி வந்துவிட்டோம், தப்பித்தோம் என்று இருந்தேன்."

இருவரும் ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். பறவை நன்றாக இருந்தது. இனிமேல்தான் சிக்கல். வைத்துக்கொண்டால் என்றைக்காவது அபு சுல்தான் கண்ணில் படும். திருப்பிக் கொடுத்தால் அன்பளிப்பை மறுத்த அவமரியாதை. அப்போதுதான் சேதுமாதவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த செவ்வாய்க்கிழமை டிசம்பர் இரண்டு, தேசிய தினம். வருஷா வருஷம் கம்பெனி அபு சுல்தானுக்கு ஒரு கேடயம் அனுப்புவது வழக்கம்.

"இந்த வருஷம் கேடயத்துக்குப் பதிலாக இது," என்றார். "அவர் கொடுத்ததே எங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், அதே இனத்தில் தேடி வாங்கினோம் என்று எழுதிவிடலாம்."

ஹால்வர்சன் கடிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தேசிய தினத்தன்று கம்பெனிப் பிக்கப்பை வைரவன் ஓட்ட, சேதுமாதவன் பக்கத்தில் உட்கார, கழுத்தில் நாலு வர்ணக் கொடி ரிப்பனோடு பறவை பின்னால் நின்றபடி மசாஃபிக்குப் போனது. பண்ணை வாசலில் அபு சுல்தான் காத்திருந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாஷா அல்லாஹ். என்னோடதைப் போலவே இருக்கு."

"அதே இனம், அர்பாப்."

வைரவன் கூண்டைத் திறந்தான். பறவை குதித்து இறங்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஆடுகளுக்கு நடுவே நேராக நடந்து, வீட்டின் சமையலறைக் கதவை அலகால் தட்டியது. கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண்குரல் மர்ஜான், மர்ஜான் என்று கூப்பிட்டுத் திட்டியது, அழுதது, சிரித்தது.

அபு சுல்தான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரி ஏழு நாளா என்கூடப் பேசலை," என்றார். "அவ கையால தீனி வச்சு வளர்த்தது. கொடுக்கிறதுன்னா வீட்ல பிரியமானதைக் கொடுக்கணும்னு கொடுத்துட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியுமா? அந்தப் பம்புச் சத்தம் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது."

விருந்தாளிகளை மஜ்லிஸ் என்கிற விருந்தினர் கூடத்தில் உட்கார வைத்தார். இரண்டு பேர் தூக்கிவந்த தாம்பாளத்தில் சோற்று மலை, அதன்மேல் முழு ஆடு. அபு சுல்தான் முட்டி போட்டு உட்கார்ந்து, தொடைச் சதையில் மிருதுவான இடமாகப் பிய்த்து, சேதுமாதவன் பக்கம் ஒரு பங்கும் வைரவன் பக்கம் ஒரு பங்கும் வைத்தார்.

வைரவன் தமிழில் மெதுவாகக் கேட்டான். "சாமி, இதையும் பம்புன்னு சொல்ல முடியாதே?"

சேதுமாதவன் ஒரு வாரமாகப் பொய் சொல்லிக் களைத்திருந்தார். "அர்பாப், தப்பா நினைக்கக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் மாமிசம் சாப்பிடறதில்லை."

"லஹம் மாஃபி," என்று, கறி இல்லை என்பதைத் தனக்குத் தெரிந்த அரபியில் சொல்லி, வைரவனும் மாலையைத் தொட்டுக் காட்டினான்.

அபு சுல்தானின் கை நின்றது. "உங்க அமெரிக்காக்காரர்?"

"அவரும்தான்."

பெரியவர் ஆட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "எனக்கும் டாக்டர் ரெண்டு வருஷமா மாஃபின்னு சொல்லியிருக்கார். கலாஸ், விடுங்க," என்று தாம்பாளத்தைப் பண்ணை ஆட்களுக்கு அனுப்பிவிட்டார். ரொட்டியும் தேனும் பேரீச்சையும் வந்தன. மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. கிளம்பும்போது பிக்கப்பில் ஒரு கறவை ஆடு ஏறியிருந்தது. "இது வெட்டுறதுக்கு இல்லை. பாலுக்கு," என்றார் கண்டிப்பாக.

ஹால்வர்சன் பாலும் குடிப்பதில்லை என்பது போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. ஆட்டை ஸ்டோருக்குப் பின்னால் கட்டினார்கள். வைரவன் மலைக்குக் கிளம்புகிற நாள்வரை காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அவனே கறந்து மெஸ்ஸுக்குக் கொண்டுவந்தான். முப்பது பேருக்கும் ஆட்டுப்பால் டீ. அந்த வாடை ஒருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அவனிடம் டீ பிரமாதம் சாமி என்றுதான் சொன்னார்கள்.