நரைத்த தலையோடு ஒரு மணப்பெண்

ரோஹிணி தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. யாரையும் கேட்டுக்கொண்டு நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கிண்ணத்தில் அந்தக் கறுப்புக் களியைக் கலக்கிக்கொண்டிருந்தவளுக்கு, 'எதுக்கு இந்தப் பாடு?' என்று தோன்றியது. அப்படியே எடுத்துக் கொட்டிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் என்னமோ குடியிருக்கும் வீட்டையே விற்றுவிட்டவளைப் பார்ப்பதுபோலச் சொந்தபந்தமெல்லாம் அவளைப் பார்த்தது.

நடுவில் சில மாதங்கள் கஷ்டப்பட்டாள் என்பது நிஜம். உச்சியில் வெள்ளை, கீழே கறுப்பு. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் பார்லர் வைத்திருக்கும் தீப்திதான் கறுப்பு மிச்சமில்லாமல் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள். வெட்டிவிட்டுச் சும்மா இருந்தாளா? "ரோஹிணி தீதி, இந்தத் தலைக்கு உங்களோட சந்தன கலரும் சாம்பல் கலரும் ஒத்து வராது. முகமே சோகை பிடிச்ச மாதிரி ஆயிடும். அழுத்தமான நிறமா கட்டுங்க" என்று வங்காளியில் ஒரு பிரசங்கமே செய்தாள்.

வயசுக்கு ஏற்றது என்று வருஷக்கணக்காக வாங்கிச் சேர்த்த வெளிர்ப் புடவைகளையெல்லாம் ரோஹிணி மூட்டை கட்டினாள். மயில்கழுத்து நீலம், கரும்பச்சை, மாதுளைச் சிவப்பு என்று பீரோ மாறியது. கடியாஹாட் நடைபாதையில் சுடுமண் ஜிமிக்கி வாங்கினாள். பொட்டு ஒரு சுற்றுப் பெரிதானது. அவள் வேலை பார்க்கும் வங்கியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மேடம், இந்த சில்வர் கலர் எந்த பார்லர்ல பண்ணிண்டீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க ரோஹிணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காய்கறிக்கார ஷ்யாம் வாயைத் திறக்கும்வரை. டாக்குரியா மார்க்கெட்டில் அவனிடம்தான் ரோஹிணியும் ஜெய்ராமும் ஞாயிறுதோறும் காய் வாங்குவார்கள். அவன் கடை போட்டு ஆறேழு மாதம்தான் இருக்கும். ஒரு நாள் ரோஹிணி தனியாகப் போனபோது, பரவல் காயை எடைபோட்டுக்கொண்டே அவன் கேட்டான்:

"தீதி, இன்னிக்கு உங்க சோட்டோ பாய் வரலியா?"

தம்பியா? ரோஹிணிக்குக் கூடப் பிறந்தவர்களே கிடையாது. அப்புறம்தான் புரிந்தது. அவன் கேட்டது அவள் கணவர் ஜெய்ராமைப் பற்றி.

ஜெய்ராம் அவளைவிட மூன்று வயது மூத்தவர். கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அறுபது முடிந்து ஓய்வு பெறப் போகிறவர். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தலை, மீசை, கிருதா எல்லாவற்றையும் கரிக்கட்டையாக ஆக்கிக்கொண்டுவிடுவார். ரோஹிணி காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு காய்கறிக்காரன் சொன்னதற்காகவா இப்படி ஒடிந்துபோவது என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜெய்ராம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நன்றாயிருக்கிறது என்றாவது, சகிக்கவில்லை என்றாவது. இந்த ஒரு வருஷத்தில் எப்போது கேட்டாலும் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்தான்: "உன் இஷ்டம்." முப்பத்துச் சொச்சம் வருஷம் குடித்தனம் நடத்திய எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அந்த இரண்டு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

அப்போதுதான் ஜெய்ராமின் அறுபதாம் கல்யாணம் வந்து சேர்ந்தது. மறுபடி மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, ஊரைக் கூட்டி, படம் பிடித்து. லேக் பக்கத்தில் மண்டபம் பேசியாயிற்று. புணேயிலிருந்து மகள் சுப்ரியா வந்துவிட்டாள். சாந்த்ராகாச்சியிலிருந்து ஜெய்ராமின் அக்கா விஜயலட்சுமி, கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் புடவை இல்லை, பட்சணம் இல்லை. ஒரு தலைச்சாயப் பாக்கெட்.

"ரோஹிணி, தப்பா எடுத்துக்காதே. ஒரே ஒரு நாளைக்குப் போட்டுக்கோ. கல்யாணப் பொண்ணு நரைச்ச தலையோட மணையில உக்காந்தா நன்னாவா இருக்கும்? ஜெய்ராமன் என்னடான்னா ராஜாவாட்டம் இருக்கான். பக்கத்துல நீ..." என்று இழுத்தாள்.

"அக்கா மாதிரி இருப்பேன். அதானே?" என்றாள் ரோஹிணி.

விஜயலட்சுமிக்கு அறுபத்தைந்து வயது. அவள் தலையும் கன்னங்கரேலென்றுதான் இருந்தது. "நான் அப்படிச் சொல்லலியே" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

சுப்ரியா கேட்டாள்: "அம்மா, உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு, நான் அத்தையை பார்த்துக்கறேன்."

ரோஹிணி பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வேலையாகத் தையற்கடையில் கூறைப்புடவைக்குத் தைத்த அரக்கு ரவிக்கையை வாங்கிக்கொண்டாள். நேரே தீப்தியிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட்டை நீட்டினாள். தீப்திக்கு வியாபாரம் வியாபாரம்தான். கழுத்தில் துணியைச் சுற்றினாள், டியூபைப் பிதுக்கினாள். அந்த நெடி குப்பென்று அடித்தது. இருபது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் ரோஹிணியின் மூக்கில் ஏறின. காது மடலில் கறை, தலையணை உறையில் கறை, யாராவது உச்சந்தலையைப் பார்த்தால் பதைப்பு. மடியிலிருந்த ரவிக்கையை எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். அரக்குக்குப் பக்கத்தில் அந்த வெள்ளி முடி ஜொலித்தது. எனக்குப் பிடிச்சிருக்கே என்று நினைத்தாள். பிடித்ததை எதற்கு மூட வேண்டும்?

"வேண்டாம் தீப்தி. எண்ணெய் வச்சு நன்னா அலசி விடு, போதும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? டியூபை வேற திறந்துட்டேன்" என்று தீப்தி சிரித்து, வழிந்ததைத் துடைத்து மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவர் ஜெய்ராம். அவள் தலையைப் பார்த்தார்.

"போட்டுக்கலியா?"

"இல்லை."

"உன் இஷ்டம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு இரவுச் சமையலில் ரசம் சுள்ளென்று இருந்ததென்றால் அதற்குக் காரணம் மிளகு மட்டுமல்ல. இவருக்கு என் பக்கத்தில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று ரோஹிணி முடிவே கட்டிவிட்டாள். அழவில்லை. ஆனால் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே வீடு அமளிப்பட்டது. ஒரே குளியலறை, அதற்கு வெளியே ஒரு வரிசை. உள்ளே போன ஜெய்ராம் வெளியே வருவதாயில்லை. விஜயலட்சுமி கதவை இடித்தாள்: "டேய் ஜெய்ராமா, உள்ள என்னடா பண்றே? முகூர்த்தம் உனக்காக நிக்குமா?" ஒரு சொம்புத் தண்ணீர் சளக்கென்று விழுந்த சத்தம் கேட்டது. ஜெய்ராம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் அவர் தலையைப் பார்த்தவர்கள் எல்லாரும், "அறுபதுன்னா நம்பவே முடியலை சார்" என்றார்கள். அவரும் பூரித்துப் போனார்.

ஹோமம் முடிந்தது. அடுத்தது கலசாபிஷேகம். தம்பதியைப் பலகையில் உட்கார வைத்து, மந்திரம் சொல்லிப் பூஜித்த கலசத்து நீரைத் தலைக்கு மேல் சல்லடை பிடித்து ஊற்றுவார்கள். முதலில் சாஸ்திரிகள், அப்புறம் பெண், பிள்ளை, உற்றார், உறவினர் என்று ஒவ்வொருவராக. அறுபதாம் கல்யாணம் என்றாலே இதுதான் என்று ஜெய்ராமுக்குத் தெரியும். தன் அப்பாவுக்கு இதே கையால் ஊற்றியவர் அவர். கலசத்துக்கு மாவிலை, நூல், தேங்காய் எல்லாம் தானே ஓடி ஓடி வாங்கினவர். அத்தனை குடமும் யார் தலையில் கவிழப் போகிறது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை.

முதல் குடம். ஜெய்ராமின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. இரண்டாவது குடத்தில் அது மூக்கு வழியாக மீசைக்கு வந்து, மீசையையும் கூட்டிக்கொண்டு மார்புச் சந்தனத்தில் பாய்ந்தது. வெள்ளை வேட்டி சாம்பலானது. சாஸ்திரிகள் பார்க்காதது போலக் குரலை உயர்த்தி மந்திரம் சொன்னார். சல்லடை பிடித்திருந்த சுப்ரியாதான், "அப்பா, நீ உருகறே!" என்று கத்தினாள்.

அப்புறம் சிரிப்பை யார் நிறுத்த முடியும்? பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்து பார்த்தார்கள். பக்கத்தில் ரோஹிணியின் தலையிலிருந்து பளிங்குபோலத் தண்ணீர் சொட்டியது.

கூறை கட்டிக்கொள்ள உள்ளே போனதும் ஜெய்ராம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தலை அங்கங்கே கறுப்பும் அங்கங்கே வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "புது பாட்டில். அஞ்சு நிமிஷம் ஊறணும்னு போட்டிருந்தான். அக்கா எங்கே விட்டா? சரி, நீயும் சிரிச்சுடு" என்றார்.

ரோஹிணி சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒரு வருஷமா உன் இஷ்டம், உன் இஷ்டம்னே சொல்லிண்டிருக்கேளே. என் தலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் தொந்தரவே."

"என்ன தொந்தரவு?"

"உனக்கு நரைச்சா மகாராணி மாதிரி இருக்கே. எனக்கு நரைச்சா எங்க பெரியப்பா மாதிரி இருப்பேன். உன் பக்கத்துல கிழவனா உக்கார பயம். நன்னாருக்குன்னு நான் சொல்லிட்டா, அப்ப நீங்களும் விட்டுடுங்கோன்னு சொல்லுவே. அதான் வாயைத் திறக்கலை."

அடப்பாவி மனுஷா, இதற்காகவா என்னை ஒரு வருஷம் வாட்டினாய் என்று ரோஹிணி கேட்க நினைத்தாள். துண்டால் அவர் தலையை இன்னும் நாலு தடவை அழுத்தித் துவட்டினாள், அவ்வளவுதான்.

கதவு தட்டப்பட்டது. விஜயலட்சுமி. கையில் அதே பாக்கெட். ரோஹிணியின் கைப்பையைக் குடைந்து எடுத்திருந்தாள். "பாதி இருக்குடா ஜெய்ராமா. தாலி கட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. சட்டுனு உனக்குப் போட்டுடலாமா?"

ஜெய்ராம் பாக்கெட்டைப் பார்த்தார். ரோஹிணியைப் பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றாள் ரோஹிணி.

அவர் சிரித்துவிட்டார். "வேண்டாம்கா. நீயே வச்சுக்கோ."

அன்றைக்கு எடுத்த படங்களில் மாப்பிள்ளையின் தலை வரிக்குதிரை மாதிரிதான் விழுந்தது. கம்ப்யூட்டரில் கறுப்பாக்கித் தருகிறேன் என்று போட்டோக்காரர் தானே முன்வந்தார். ஜெய்ராம் ஒப்பவில்லை. மறுநாளே சலூனுக்குப் போய்த் திட்டெல்லாம் போகும்படி ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று வந்து நின்றார். மீசையும் போயிற்று. பெரியப்பா மாதிரிதான் இருந்தார். ரோஹிணிக்கு அந்தப் பெரியப்பாவை ரொம்பப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ரோஹிணி கரும்பச்சைப் புடவையில், ஜிமிக்கி ஆட, முருங்கைக்காயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷ்யாம் ஜெய்ராமை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றான்.

"தீதி, இவர் உங்க பெரிய அண்ணனா? ஊர்லேருந்து வந்திருக்காரா?"

ஜெய்ராம் பையைக் கீழே வைத்தார். "அண்ணன் இல்லப்பா, பொர். நோதுன் பொர்" என்றார், மாப்பிள்ளை, அதுவும் புது மாப்பிள்ளை என்று நல்ல வங்காளியில், நாலு கடைக்குக் கேட்கும்படி.

ஷ்யாம் இரண்டு வெள்ளைத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் காசு வாங்காமல் பையில் போட்டு, கல்யாணப் பரிசு என்றான்.